அம்புப் பலகை

அக்கா,

தாவரவியல் தோட்டத்துக்கு வருமானம் இல்லை, செடி வளர்க்கும் கண்ணாடி மாளிகைகளில் கூட்டம் குறைந்ததை மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொன்னாரே, அன்றே எனக்கு வயிறு எரிந்தது. உன் ஆர்க்கிட் மாளிகையில் எப்போதும் வரிசை. என் கள்ளிச்செடிகளை எட்டிப் பார்க்க ஆளில்லை.

ஒவ்வொரு மாளிகை வாசலிலும் தலை எண்ணிய அந்த வாரம், உன் மாளிகைக்கு வழிகாட்டும் அம்புப் பலகையை என் பக்கம் திருப்பியது நான்தான். வந்தவர்கள் எல்லாம், "ஆர்க்கிட் எங்கம்மா இருக்கு?" என்றுதான் கேட்டார்கள்.

"பூ முடிஞ்சு போச்சு" என்றேன்.

நேற்று உன் மாளிகையைப் பூட்டி, உன்னையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். நீயோ தொட்டிகளைத் தூக்கி வந்து, "உன்கிட்ட இருந்தா நல்லா வரும்டி" என்றாய். நல்லவளாக இருப்பதிலும் நீதான் முந்த வேண்டுமா?

இன்று காலை பலகையைப் பழையபடி திருப்பிவிட்டேன். பூட்டிய கதவு முன்னாலும் உனக்குத்தான் வரிசை நிற்கிறது.

உன் தங்கை