ரொட்டி மாவு பூசின லைட்டு

மதுராவோட அப்பாவுக்கு,

இன்னைக்கு ரொட்டி சுடல. போன வாரம் மோட்டார் சைக்கிள் லைட்டுக்கு நீங்க ரொட்டி மாவ பூசினதுலருந்து, மாவுல கை வைக்கவே அருவருப்பா இருக்கு. சோறும் பருப்பும் மூடி வச்சிருக்கேன்.

மலிவா கெடைச்சிச்சுன்னு வாங்கின எல்இடி லைட்டு, ஓரமெல்லாம் ஓட்டை. தண்ணி எறங்காம இருக்க மாவு பூசணும்னு யாருங்க சொன்னது? மழையில ஊறி, புளிச்சு, பூசணம் புடிச்சு கெடக்கு. காலையில பாத்தா கண்ணாடிக்கு உள்ளுக்கு ரெண்டு கரப்பான் பூச்சி. தூ!

அதக்கூட சகிச்சுக்கலாம். நேத்து வட்டவளை ரோட்டு பனிமூட்டத்துல அந்த வெள்ளை வெளிச்சம் சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி முன்னுக்கு நின்னிச்சு. ரோடு எது, பள்ளம் எதுன்னு தெரியல. நான் எறங்கி முன்னுக்கு நடந்தேன். என் மஞ்ச ரெயின்கோட்ட பாத்துக்கிட்டு நீங்க பின்னுக்கு உருட்டிக்கிட்டு வந்தீங்க. அப்பவும், "பேட்டரிய இழுக்காது புள்ள"ன்னு பெருமை வேற!

மதுராவும் நானும் கினிகத்தேனைக்கு, அக்கா வீட்டுக்கு பஸ்ஸுல போறோம். அந்திக்கு எங்கள கூட்டிக்கிட்டு போக வாங்க. நீங்க குப்பையில வீசின பழைய மஞ்ச லைட்ட தொடைச்சு அரிசி வாளிக்குள்ள வச்சிருக்கேன். பனியில அந்த மஞ்ச வெளிச்சந்தான் ரோட்ட காட்டும். அத மாட்டிக்கிட்டு வாங்க.

வீட்டுச் சாவி பக்கத்து காம்பராவுல இருக்கிற ராசம்மா அக்காகிட்ட.

வசந்தமலர்

பி.கு: அந்த லைட்ட கழட்டின கையோட பருப்புச் சட்டிய தொடாதீங்க. சவுக்காரம் போட்டு கழுவுங்க.

இன்னொண்ணு. ரெயின்கோட்ட நான் எடுத்துக்கிட்டு போறேன். இன்னைக்கு வர்ற வழியில உங்களுக்கு முன்னுக்கு நடக்க ஆள் இல்லைங்க.