வாசலில் நின்ற சேதி

பவானிபூர், கல்கத்தா
பரிதாபி வருஷம், ஆவணி மாதம்

சிரஞ்சீவி வெங்கடராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். காளிகாட்டுக் காளி கிருபையில் நாங்கள் சௌக்கியம், ரங்கூனில் நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மழை விட்டபாடில்லை, அப்பா கணுக்கால் தண்ணீரில்தான் பாங்குக்குப் போய் வருகிறார். உன் தங்கை ராஜலக்ஷ்மிக்குப் பக்கத்து வீட்டு பௌதி, அதுதான் அந்த வங்காளி மன்னி, கொடுத்த கஷாயத்தில் ஜுரம் இறங்கிவிட்டது.

உன் கடிதம் வந்தது. உன் கீழே வேலை பார்த்த நடராஜன் அதிகச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு ஓடிவிட்டான், கல்கத்தாவுக்குத்தான் வருகிறான், அவனை வாசற்படி ஏற்றாதே, அவன் சொல்வதைக் காதில் வாங்காதே என்று எழுதியிருந்தாய். ஏற்றினேன், காதிலும் வாங்கினேன். ஆபீஸ் விவகாரத்தில் பொம்மனாட்டிக்கு என்ன வேலை என்று அப்பா கோபித்துக்கொண்டார், கோபித்துக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளை தானாக ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் விடாமல் கேட்டேன். அவன் தகப்பனார் ஊரில் தவறிப்போன சேதியைச் சொல்ல அவன் அத்தான் உங்கள் ஆபீசுக்கு ஓடிவந்தாராம். சேதி இன்னதென்று தெரிந்தும், கப்பல் தபால் போகிற நாள் என்று நீ அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, தபால் பை கட்டிய பிறகுதான் உள்ளே விட்டாயாம். சேதி வாசலில் நிற்கிறது, இவன் உள்ளே ஒன்றும் தெரியாமல் மத்தியானத் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறான். "சம்பளம் போறலைன்னு நான் எப்போ சொன்னேன் மாமி, அந்தச் சாதம் உள்ள போயிடுத்தே, அதுதான் தாங்கலை" என்றான்.

ஒரு வருஷத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள், துரை என்னைத்தான் கேட்கிறார், என் வேலைக்கே ஆபத்து என்று புலம்புகிறாயே, போனவர்களை நீ ஒரு வார்த்தை கேட்டாயா? உன்னிடம் வேலை பார்க்கிறவன் உன் முகம் கோணாமல்தான் பேசுவான், விட்டுப் போனவனுக்கு என்ன பயம், அவன் உள்ளதைச் சொல்வான். முன்னே போன ராகவேந்திரனும் இன்னொருவனும் ரங்கூனில்தானே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் ஏன் விட்டாய் என்று கேள், சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காதே. கேட்டதைத் துரையிடம் அப்படியே சொல்லு, உன் தப்பையும் சேர்த்துச் சொல்லு. அதற்காக வேலை போனால் போகட்டும், நான் வருத்தப்பட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தீர்க்காயுசாக இரு. நடராஜன் வேலை கிடைக்கிறவரை இங்கேதான் சாப்பிடுவான். பூஜை லீவுக்கு நீ வந்தால் உன் இலையை அவன் இலைக்குப் பக்கத்தில்தான் போடுவேன். அவன் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டான், நீ உட்காருவாயா என்று எழுது.

உன் அம்மா
ஜகதாம்பாள்