சின்னான் வழக்கு

நல்லூர், 3.8.1969

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மை போட்டு மூன்று வாரம் படுத்துவிட்டேன். எழுந்து போனால், பனியன் மடிக்க வேறு ஆள் போட்டாயிற்று என்கிறார்கள். ஒன்பது வருஷ வேலை. சங்கத்தில் சின்னான் என்று ஒருவர், நம் அடுத்த தெரு. அவருக்கும் முன்பு இப்படி வேலை போனதாம். அவர் சொல்லி லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறோம். மெட்ராஸில் பெரிய வக்கீலாக இருந்து என்ன, தங்கைக்கு ஒரு நாள் வந்து பேசக் கூடாதா?

உங்கள் அன்புத் தங்கை,
ரங்காத்தாள்

சென்னை, 12.8.1969

அன்புள்ள அம்மிணி,

உடம்பைப் பார்த்துக்கொள். வர நேரமில்லை. பெரிய கோர்ட் ஒரு வழக்கில் சொன்னதை, அதே மாதிரி வழக்கு வந்தால் கீழ்க் கோர்ட் மீற முடியாது. உன்னைப் போல் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் ஆட்களை நிறுத்தலாம் என்று 1961இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆனால் உன் பெயர் கம்பெனி ஆஜர் புத்தகத்தில் உண்டே. அதனால் உன் வழக்கு வேறு என்று உங்கள் வக்கீலைப் பேசச் சொல். தோற்றால் மேலே போகலாம், அப்போது நான் வருகிறேன்.

அன்புடன்,
திருமூர்த்தி

நல்லூர், 20.11.1969

அண்ணனுக்கு,

தோற்றுவிட்டேன். கம்பெனி வக்கீல் அந்தத் தீர்ப்பை வாசித்தார். நம் அடுத்த தெரு சின்னானின் வழக்கேதான். முதலாளி தரப்பில் பேசியவர் திருமூர்த்தி. ஆஜர் புத்தகத்தில் பெயர் இருந்தாலும் செல்லாது என்று அன்று நீங்கள் பேசியதும் அதிலேயே இருக்கிறது. மறந்தீர்களா, மறைத்தீர்களா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. “பெரிய கோர்ட் சொன்னதை நான் மீற முடியாதம்மா” என்றார் ஜட்ஜ். அன்று நீங்கள் ஜெயித்த அந்த வழக்குக்குத்தான் நான் சிவன்மலைக் கோயிலில் பொங்கல் வைத்தேன்.

சின்னான் கோபப்படவில்லை. தன் தோல்வி அடுத்தவர் வழக்கையும் கட்டும் என்று அவருக்கும் தெரியாதாம். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்து, “உங்க அண்ணன் அன்னைக்கே நல்லாப் பேசுனாருங்க அம்மிணி” என்றார். அழுதுவிட்டேன்.

மேலே போக வேண்டாம். அங்கேயும் தோற்றால், நாளைக்கு இன்னொருத்தி வரும்போது என் பெயரையும் வாசிப்பார்கள். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனிக்குப் போகிறேன், அதுவும் பீஸ் ரேட்தான்.

பொங்கலுக்கு வாருங்கள். முதலில் சின்னான் வீட்டுக்குப் போய் அவரைப் பாருங்கள். பிறகு நம் வீட்டில் சாப்பிடலாம்.

ரங்காத்தாள்