திருடிக்கு முன்னால் ஒரு 'ஏ'

கூடத்தில் பேத்தி மடிக்கணினியைத் திறந்துவைத்து இங்கிலீஷ் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கிற படிப்பு. அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த என் காதில் அந்த ஆசிரியையின் குரல் விழுந்தது. ஒரு முறை படியுங்கள், பக்கத்தை மூடுங்கள், இப்போது உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. 'மூடி வெச்சிட்டு எழுதுங்கக்கா' என்று நீ சொல்வாயே, அதே சொல். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தச் சொல் இன்னொருத்தி வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உன் விஷயத்தில் எனக்கு எப்போதும் முதலில் வருவது அதுதான்.

கடத்தூருக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள் நான். பிளஸ் டூ படித்த மருமகள் என்று தெருவே பேசியது. என் வீட்டுக்காரர் யூனியன் ஆபீஸில் கிளார்க். நான் ஒரு டிகிரி முடித்தால் எனக்கும் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்று அஞ்சல் வழிக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. தபால்காரர் கொண்டுவரும் பழுப்பு உறையைப் பிரித்துப் பாடப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கி வைப்பேன். அடுக்கியதில் பாதிகூடப் படிக்கவில்லை.

பிறகு நீ வந்தாய், என் கொழுந்தனுக்கு மனைவியாக. உன் அப்பாவுக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் வேலை. ரயிலில் பிரயாணிகள் விட்டுப்போகும் இங்கிலீஷ் பேப்பர்களை அவர் வீட்டுக்கு எடுத்துவருவாராம். அதைப் படித்தே வளர்ந்தவள் நீ. இது தெரியாமல், வந்த புதிதில் என் அலமாரியைக் காட்டி, "அக்கா, இத நான் எடுத்துப் பாக்கலாங்களா?" என்று நீ கேட்டபோது பெருந்தன்மையாகச் சரி என்றேன். மத்தியானம் போய்ப் பார்த்தால், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, நான் ஒரு மாதமாக முட்டி மோதிய பாடத்தைக் கதைப் புத்தகம் மாதிரிப் புரட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் சிரிக்க வேறு செய்தாய். அந்தப் பாடத்தில் சிரிப்பதற்கு ஏதாவது இருந்தது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வருடம் இங்கிலீஷில் நான் தோற்றேன். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். அதே சமயம் நீயும் சேருகிறேன் என்றாய், கொழுந்தன் சரி என்றார். அப்படித்தான் நாம் இருவரும் ஒரே இங்கிலீஷ் வகுப்புக்கு வந்து சேர்ந்தோம்: சனி, ஞாயிறுகளில் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த நேரடி வகுப்பு. "ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டா வூட்ல களி கிண்டறது யாரு?" என்று அத்தை கேட்டார். "இந்தத் தடவையும் கோட்டை வுட்டா இதோட நிறுத்திக்க," என்று என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். உன்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சேலத்திலிருந்து வந்த சார், வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார். நான் நோட்ஸில் இருந்த 'என் தாய்' கட்டுரையை ஒரு புள்ளி மாறாமல் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும் எனக்கு. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது கடையில விக்கிற நோட்ஸ்ல இருக்குதும்மா. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்து உன் தாளை எடுத்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று வகுப்புக்கே வாசித்தார்.

எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், எல்லோருக்கும் முன்னால் நடப்பாள் என்று தொடங்கினாய். படிக்கும்போது அவள் உதடுகள் அசையும், வெற்றிலை மெல்வது போல. தெரியாத சொல் வந்தால் யாரிடமும் கேட்கமாட்டாள், புத்தகத்தின் மேல் கோபித்துக்கொள்வாள். பரீட்சையில் தோற்ற அன்று அவள் அழவில்லை, கொல்லைப்பக்கம் போய்ப் பித்தளைக் குடத்தைப் பொழுது சாயும் வரை தேய்த்தாள். அழாமல் இருப்பது எப்படி என்று அவளிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெயர் எழுதவில்லை நீ. வகுப்பில் யாருக்கும் அது நான் என்று தெரியாது. ஆனால் என் காது இரண்டும் கொதித்தது. ஏன் தெரியுமா? என்னைப் பற்றி எழுதினாய் என்பதற்காக மட்டுமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு இங்கிலீஷ் பத்தியைத் தமிழாக்கிப் பார்க்காமல், காதில் விழ விழ அப்படியே புரிந்துகொண்டேன். அது நான் எழுதியதாக இருந்திருக்கக் கூடாதா? என் உதடு அசைவது எனக்கே தெரியாது. அதையும் நீதான் பார்த்து வைத்திருந்தாய்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். "கோவமாங்கக்கா?" என்றாய்.

"என்னக் கேக்காம என்னப் பத்தி எழுதுவியா?"

"கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?"

நான் இன்னும் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். "மத்தவங்கள எழுதிப் பாத்தேன், ஒருத்தரும் ரெண்டு வரிக்கு மேல வரலீங்கக்கா," என்றாய்.

பேசாமலேயே பல நாள் போனது. ஒரு மத்தியானம் மோட்டார் ரூமில் உட்கார்ந்து, பாடம் வந்த பழுப்பு உறையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். நோட்ஸ் இல்லை, அகராதி இல்லை. உள்ளே இருந்த எரிச்சல் ஒன்றுதான். என் தங்கை திருடி என்று இங்கிலீஷில் முதல் வரி. முதலில் என் புத்தகத்தை எடுத்தாள், பிறகு என் சாரின் பாராட்டை எடுத்தாள், இப்போது என் முகத்தையே எடுத்துக்கொண்டாள், நான் எதை வைத்துக்கொண்டு கண்ணாடி பார்ப்பது என்று எழுதினேன். எழுதி முடித்தபோது மோட்டார் நின்றிருந்தது, அதுகூடக் கவனிக்கவில்லை.

தக்காளிக் காட்டில் பறித்துக்கொண்டிருந்த உன்னிடம் அதை நீட்டினேன். நீ கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே படித்தாய். சண்டைக்கு வருவாய் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீ கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, முதல் வரியில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாய்.

"திருடிக்கு முன்னாடி 'ஏ' வரணுங்கக்கா. மத்ததெல்லாம் சரியா இருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று எவ்வளவோ அடக்கினேன். நீ மறுபடியும் படித்துவிட்டு, "மூஞ்சியத் திருடிட்டான்னு எழுதியிருக்கீங்களே, இது எனக்குத் தோணாதுக்கா," என்றாய்.

அதன்பிறகு நம் சண்டை முழுக்க இங்கிலீஷில் நடந்தது. களியில் கட்டி விழுந்தது யாரால், அத்தைக்கு யார்மேல் பிரியம், யார் வீட்டுக்காரர் குறட்டை பெரிது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி. நீ எழுதியதைப் படிக்க நான் அகராதி தேடினேன், அதைவிடக் காரமாகப் பதில் எழுத இன்னும் அதிகமாகத் தேடினேன். 'படிச்சிட்டு மூடி வெச்சிட்டு எழுதுங்கக்கா, என் வார்த்தையையே எனக்குத் திருப்பி அனுப்பாதீங்க' என்பாய். தாளைப் பார்த்து நாம் சிரித்துக்கொள்வதைக் கண்டு அத்தை, "எதிர் வூட்டுக்காரங்க கன்னடத்துல பேசிக்கற மாதிரி ஆயிடுச்சி உங்க கதை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்ன எழுதுகிறோம் என்று கேட்டபோது, பரீட்சைக்கு என்றோம். அது பொய்யும் இல்லை.

இருவரும் பாஸ் ஆனோம். உனக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் என் பெயருக்கு நேரே பாஸ் என்று பார்த்ததும் நீ அழுதாயே, உன்னுடையதைப் பார்க்கும் முன்பே, அந்த அழுகையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. உனக்காக அப்படி அழ எனக்கு வராது.

காடு பாகம் பிரிந்தது. எனக்கு அரூரில் ஆபீஸ் வேலை கிடைத்தது. நீ பொம்மிடிக்குக் குடிபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரானாய். உன்னோடு கடைத்தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் "வணக்கம் மிஸ்" என்பார்கள். என்னைத் தேடி வந்தவர்கள் மனுவோடுதான் வந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவேன். என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தாமல், "அவ உன் தங்கச்சிதானே?" என்பார். அதுதான் பிரச்சினை என்பது அவருக்குப் புரியாது.

கடைசிக் காலத்தில் சர்க்கரை உன் கண்ணைப் பிடித்தது. எழுத்து தெரியவில்லை என்று நீயே போன் செய்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து உனக்குப் படித்துக் காட்டினேன், இங்கிலீஷ் கதைகள்தான் வேண்டும் என்பாய். ஒரு நாள் பாதியில் கண்ணை மூடிவிட்டாய்.

"தூங்கிட்டியா?"

"இல்லீங்கக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." என் பக்கம் திரும்பாமலே சொன்னாய்: "எனக்கு உங்க மேல பொறாமையா இருக்குதுங்கக்கா."

அந்தச் சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். உன் வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று எவ்வளவு நினைத்திருக்கிறேன். வந்தபோது என்னால் அடுத்த வரியைப் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "மேல படிங்கக்கா," என்றாய். புத்தகத்தை நிமிர்த்திப் படித்தேன். அந்தக் கதையை முடித்தோம். அடுத்ததை ஆரம்பித்தோம். அதை முடிக்க நீ இல்லை.

மீதியை நான் மட்டும் படிக்கக் கூடாது என்று சில மாதம் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு எடுத்தேன். இப்போதும் எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் நீ எனக்கு இரண்டு பக்கம் முன்னால் போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. அந்த எரிச்சலோடுதான் பக்கத்தைத் திருப்புகிறேன். எட்டிப் பிடித்துவிடுவேனோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.