திருப்பாத தட்டு

ஜூன் 8, 1997
மழை. டெடோய் வீட்டு மாடியில் ஒத்திகை. கணக்கியல் வகுப்பின் கடைசி பெஞ்சு மூவரும் ஆஜர்: டெடோய் ட்ரம், நான் பேஸ் கிட்டார், ரூவெல் பாட்டு. எங்கள் இசைக்குழுவின் பெயர் இன்னும் ‘நனைந்த செருப்பு’தான். ரூவெலுக்குக் கப்பல் வேலை உறுதியாகிவிட்டது. பயணிகள் நடனமாட அடுத்தவர் பாட்டையெல்லாம் பாட வேண்டுமாம். விசா வராமலே போகட்டும் என்று நினைத்தேன். கெட்ட புத்தி.

ஜூன் 14
போய்விட்டான்.

டெடோய் அம்மா வழியனுப்பு விருந்து வைத்திருந்தார். அடோபோ இறைச்சிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து இரண்டு வாய்கூட வைத்திருக்க மாட்டான், வாசலில் அவனைக் கூட்டிப்போக வந்த டிரைசிக்கிள் வண்டியின் ஹார்ன். மென்றபடியே எழுந்தான்.

“எல்லாரும் தட்டைத் திருப்புங்க! சாப்பாட்டுக்கு நடுவுல கிளம்புறான், நல்லபடியா போய்ச் சேரணும்,” என்றார் அம்மா. மேசை முழுக்கத் தட்டுகள் சுழன்றன. நான் திருப்பவில்லை. திருப்பினால் போ என்று நானே சொன்ன மாதிரி. நான் ஏன் சொல்லணும்?

ரூவெல் பார்த்துவிட்டான். “உன் தட்டு?”

“நான் சாப்பிட்டு முடிச்சாச்சு.”

தட்டில் பாதிச் சோறு இருந்தது. சிரித்தான். “நவம்பர்ல ஃபியஸ்டா திருவிழாவுக்கு வந்துடுவேன்டி,” என்றான்.

ஜூன் 15
அவனைப் பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பிடிக்கும்.

ஆகஸ்ட் 2
“பாட ஆள் வேணும். நீ பாடு,” என்றான் டெடோய். நாங்கள் எழுதிய பாட்டை முயன்றேன். அவன் சுருதி எனக்கு ரொம்பக் கீழே, அடித்தொண்டையில் உறுமல்தான் வந்தது.

“சுருதியை ஏத்திக்கலாமே?”

“அது அவன் குரலுக்கு வெச்சது. மாத்தக் கூடாது.”

“அவன் அங்க தொப்பி போட்டுக்கிட்டு கிழவிங்களுக்குப் பாடிட்டிருக்கான். நீ இங்க காவல் காக்குற!”

கிட்டாரை உறையில் போட்டேன்.

ஆகஸ்ட் 19
ரேடியோவில் புயல் எச்சரிக்கை. அவன் கப்பல் உலகத்தின் மறுகோடியில் என்பது தெரியும். தெரிந்து என்ன? அடுக்களையில் காலித் தட்டோடு நின்றேன். காலித் தட்டைத் திருப்பினால் செல்லுமா? கழுவியதுதான் மிச்சம்.

நவம்பர் 9
ரூவெல் டெடோய் வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஓடினேன், செருப்புகூடப் போடாமல்.

“லோர்னா, இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப ஃபியஸ்டா?”

“நீயே பாடு.”

“அது உன் பாட்டு.”

“மூணு பேரும் சேர்ந்து எழுதினது.” லைனில் இரைச்சல் ஏறி இறங்கியது. பிறகு, “இங்க கப்பல் ஆடுறப்பல்லாம் உன் தட்டுதான் ஞாபகத்துக்கு வருது. பயமா இருக்கு. திருப்பிடேன், லோர்னா.”

சரி என்று சொல்லவில்லை. அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும்.

நவம்பர் 25
ஃபியஸ்டா. மதியம் டெடோய் வீட்டில் ஊரே சாப்பிட்டது. என் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போது, அதை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினேன்.

டெடோய் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “யாரும்மா கிளம்புறா?”

“ரூவெல்,” என்றேன்.

அவர் தன் தட்டையும் திருப்பினார்.

சாயங்காலம் மேடையில் பாடினேன். சுருதியை என் குரலுக்கு ஏற்றிக்கொண்டோம்.