தாலாட்டு என்று நான் சொன்ன பொய்

அக்கா,

வயதாகித் தூக்கம் போய்விட்டதென்று டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை நேற்று திறந்தேன். கசப்பும் சர்க்கரைப்பாகும் கலந்த அதே வாடை. குடிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், தனத்தைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு என் வீடு தேடி வந்தாய். உன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சு வரவில்லை, ராத்திரியில் தூக்கமும் வரவில்லை. எழுந்தால் கடலைப் பார்த்து நடப்பாள் என்று உன் முந்தானையை அவள் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பாய். மாமா பகலெல்லாம் கல் கொத்திய அசதியில் அசையமாட்டார்.

வந்ததும் நீ சோற்றைக்கூடத் தொடவில்லை. "ஒரே ஒரு ராத்திரி இவள பாத்துக்கடி. நான் கண்ண மூடிக்கிறேன்" என்றாய். விழித்திருக்கிறேன் என்று சத்தியம் பண்ணினேன்.

பன்னிரண்டு மணிவரை தாங்கியது அந்தச் சத்தியம். தனம் சுவரில் தலையை முட்டிக்கொண்டு ஒரே சுருதியில் கத்தினாள். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். மாமியாருக்கு வாங்கி வைத்திருந்த தூக்க மருந்தில் ஒரு கரண்டியைப் பாலில் கலந்து அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

உடனே தூங்கிவிட்டாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. விடியும்வரை அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறியபின் எழுந்து வந்தாய். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. தூங்கும் மகளையே பார்த்து நின்றாய்.

"இன்னாடி பண்ண?"

"ஒன்னும் பண்ணல. அம்மா பாடுற தாலாட்டத்தான் பாடுனேன்."

அந்தப் பாட்டை என்னிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

ஆடியில் நான் உன் வீட்டுக்கு வந்தபோது, நீ தினமும் தொண்டை கட்டும்வரை பாடுவதாக மாமா சொன்னார். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தபடி, என்னைப் பார்க்காமல், "என் கொரலுக்குத் தூங்க மாட்டேங்குறாடி. பெத்தவகிட்ட இன்னா கொறயோ" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நீ காறித் துப்பிவிடுவாயோ என்று பயந்து, குழம்பு கொதிக்கிறதென்று உள்ளே போய்விட்டேன்.

நாலு வருஷத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. தனத்தை நான் அழைத்துவந்தேன். பதினாறு வருஷம் என்னோடு இருந்தாள். அந்த மருந்தை மறுபடி நான் தொடவில்லை. என் பாட்டுக்கு அவள் ஒரு ராத்திரியும் தூங்கவில்லை.

வந்த புதிதில் நடுச்சாமத்தில் எழுந்து தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நிற்பாள். கடலைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கதவைத் திறந்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். நேரே பஸ் நிற்கும் முக்குக்குப் போனாள். அன்றைக்கு உன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய இடத்தில் உட்கார்ந்து, மாமல்லபுரத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன்னிடம் ஒரு குறையும் இல்லை, அக்கா. இதைக் கிணற்றடியில் சொல்லியிருக்க வேண்டும்.