சேலம் செல்விக்கு என்ன ஆனது?

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன், எழுத்தாளரே. உங்கள் பிளாக்கில் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்த சேலம் செல்வி, மதுரை மாரி, துபாய் நாசர் மூன்று பேரும் நான்தான்.

இன்று காலை கடையில் புதுச் செருப்புப் பெட்டியைப் பிரித்தேன். ரப்பர் வாசம் வந்தது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். சுனாமி கச்சால் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு போர்ட் பிளேருக்கு வந்தவர் நீங்கள். என் கடையில் செருப்பு வாங்கியதைவிட மோந்து பார்த்ததுதான் அதிகம். "வாங்க எழுத்தாளரே, காலுக்கு வேணுமா, மூக்குக்கு வேணுமா?" என்று கேட்பேன். "எங்க தோட்டத்து வாசத்துல இது பாதிகூட இல்ல பாய்" என்பீர்கள்.

அந்த ரப்பர் தோட்டத்தையும், அங்கே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து அலையோடு போனவர்களையும் பற்றித்தான் பிளாக்கில் எழுதினீர்கள். கீழே ஒரு கமெண்டும் இல்லை. பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று தினமும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை. அஞ்சாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தட்டி, செல்வியாக ஒரு வரி போட்டேன். மறுநாள் நீங்கள் கடைக்கு வந்த நடையே வேறு. அப்புறம் எங்கே நிறுத்துவது? மாரி வந்தான், நாசர் வந்தான். உங்களுக்காக மூன்று பேரும் சண்டைகூடப் போட்டார்கள்.

பிறகு ஒருநாள், "எல்லாரும் ஃபேஸ்புக் போயிட்டாங்க பாய், இங்க விளம்பரக் குப்பைதான் வருது" என்று கமெண்ட் பெட்டியை மூடினீர்கள். இனிப் பேச்செல்லாம் அங்கேதான், வந்துவிடுங்கள் என்று மூவரையும் பெயர் சொல்லி அழைத்தீர்கள். அங்கே முகம் கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரே மூஞ்சி, அதுவும் உங்களுக்குத் தெரிந்த மூஞ்சி.

காத்திருந்தீர்கள். ஒருநாள் மெதுவாகக் கேட்டீர்கள்: "செல்விக்கு ஏதும் ஆயிருக்குமோ பாய்? எங்க ஆளுங்களும் இப்படித்தான். முந்தின நாள் வரைக்கும் பேசிட்டு இருந்தாங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அரே தோஸ்த், கல்யாணம் ஆயிருக்கும்" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குக் கப்பல் ஏறும்போதும், "செல்வி வந்தா சொல்லுங்க" என்றீர்கள். அதன் பிறகு நீங்கள் திரும்பி வரவில்லை.

கடையில் யார் என்ன பேசினாலும், இதற்கு மாரி என்ன சொல்வான், நாசர் எப்படி மறுப்பான் என்று மனது இன்னும் தானாகப் போட்டுப் பார்க்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் பிளாக்கில் கமெண்ட் பெட்டி மூடியே கிடக்கிறது. அதனால் இன்று ஃபேஸ்புக்கிலேயே, என் சொந்த மூஞ்சியோடு எழுதினேன்: "செல்விக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கா. நான்தான் இத்தனை வருஷம் மறைச்சிட்டேன். மன்னிச்சிருங்க." அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். அது உங்கள் பக்கத்தில் விழவில்லை. நேற்று இங்கே லம்பா லைன் பகுதியில் என் மச்சான் மகனுக்கு நடந்த நிச்சயதார்த்தப் படத்தின் கீழ் விழுந்திருக்கிறது. பதினோரு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா ஃபோன் செய்து, யார் அந்தச் செல்வி என்று கேட்டார்.